கந்தையா ஏன் நெருப்பு மூட்டினார்?

இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வகுப்பு எடுக்கிற ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் கிரகித்தலில் வந்துதான் நிற்கும். கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிடலாம், சுற்றாடலைப் பாடமாக்க வைத்துவிடலாம், இந்தப் பந்தியை வாசித்து விடை எழுதுகிற விஷயம் மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறது என்பார்கள். “பிள்ளைகளிடம் வாசிப்பே இல்லை. எல்லாம் ஃபோன் செய்த வேலை” என்று ஒருவர் முடித்து வைப்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். தேத்தண்ணி வந்துவிடும்.

எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடில்லை. நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டு எடுக்கிறேன். வீடு கிழக்குப் பக்கமான எழுவான்கரையில். காலையில் குருமண்வெளித் துறையில் ஸ்கூட்டியோடு பாதையில் (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர்) ஏறி, வாவியைக் கடந்து மண்டூரில் இறங்கிப் போவேன். பாதை அக்கரை சேரும்வரை செய்ய வேறு வேலை இல்லாததால் கொப்பி திருத்துவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, காற்று மட்டும் கொஞ்சம் இரங்க வேண்டும். கிரகித்தல் கொப்பிகளை அங்கேதான் திருத்துகிறேன். அதனால் பிள்ளைகள் எழுதும் பிழைகளைப் பற்றி யோசிக்க எனக்கு நேரம் நிறையக் கிடைக்கிறது.

என் வகுப்புப் பையன் ஒருவன் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு அடுத்த நாள் வகுப்பில் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். என்ன கூத்து என்றேன். பாரதக் கதை, அபிமன்யு செத்த கதை என்றான். தருமர் ஏன் அந்தப் பிள்ளையை வியூகத்துக்குள் அனுப்பினார் என்று சும்மா கேட்டேன். “அருச்சுனன் அங்க இல்ல டீச்சர். உள்ள போகத் தெரிஞ்ச வேற ஆளில்ல. வெளிய வரத் தெரியாதெண்டு தருமருக்கும் தெரியும். அதான் அனுப்பக்குள்ள முகத்த மற்றப் பக்கம் திருப்பிக்கிட்டு நிண்டவர்” என்றான். முகத்தைத் திருப்பியதற்குக் காரணம் இதுதான் என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அவனுக்கு விளக்கவில்லை. அவனே பார்த்து, அவனே எடுத்த முடிவு. பரீட்சைக்காரர் உய்த்தறிதல் என்று சொல்வதெல்லாம் இதுதானே? அதே பையன் அந்த வாரம் எட்டு வரிப் பந்திக்கு ஐந்து வினாவில் இரண்டுதான் சரியாக எழுதியிருந்தான். இவனுக்குக் கிரகிக்கத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

வெளியூர் வாசகர்களுக்காகப் பரீட்சையைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு வினாத்தாள். முதலாவதில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். இரண்டாவதில் 60 வினாக்கள், ஒன்றேகால் மணித்தியாலம். 2025 ஓகஸ்ட் 10ஆம் திகதி நடந்தபோது இரண்டாவது வினாத்தாளைத்தான் முதலில் கொடுத்தார்கள். தமிழ், கணிதம், சுற்றாடல், சிங்களம், ஆங்கிலம் எல்லாம் அதற்குள்தான். 60 வினாவுக்கு 75 நிமிடம் என்றால் வினா ஒன்றுக்கு ஒரு நிமிடமும் பதினைந்து செக்கனும் வருகிறது. பந்தியை வாசிக்கிற நேரத்தையும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் வெட்டுப்புள்ளியும் உதவிப் பணமும் நல்ல பாடசாலைக் கனவும் இருக்கும்வரை என் அபிப்பிராயத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

சரி, கந்தையாவுக்கு வருவோம். கடையில் விற்கும் மாதிரி வினாத்தாள் புத்தகம் ஒன்றில் அவர் வருகிறார். பந்தி ஏறக்குறைய இப்படிப் போகும்: மார்கழி மாதம். நிலவு வயலின் மேலே வந்துவிட்டது. கந்தையா காவல் பரணிலிருந்து இறங்கி வந்து நெருப்பு மூட்டினார். விறைத்துப்போன கைகளை அதில் காட்டினார். தூரத்தில் யானை பிளிறும் சத்தம் கேட்டது. நெருப்பை அணைத்துவிட்டு மீண்டும் பரணில் ஏறினார். முதலாவது வினா, கந்தையா ஏன் நெருப்பு மூட்டினார்? புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள விடை: குளிர் காய்வதற்கு.

என் வகுப்பில் அநேகமாக எல்லோரும் எழுதியது, யானையை விரட்ட.

பாதையில் நின்று கொப்பி கொப்பியாகப் பிழை போட்டுக்கொண்டு வரும்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. முந்திய கிழமை இதே பிள்ளைகளுக்குப் பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பற்றி நானே ஒரு பந்தி எழுதிக் கொடுத்திருந்தேன். 1913இல் கட்டியது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குக் கிட்ட இருக்கிறது, இரவில் தோணிக்காரருக்கு வழி காட்டியது என்று. வகுப்பில் பெரும்பாலானவர்கள் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் விடைகள் அப்படியே பந்தியிலிருந்து வந்திருந்தன. எந்த ஆண்டு கட்டினார்கள், யாருக்கு உதவியது, எல்லாம் சரி. தெரியாத இடத்தைப் பற்றிக் கேட்டால் பந்தியைத் தேடிப் போகிறார்கள். தெரிந்த வயலைப் பற்றிக் கேட்டால் பந்தி எதற்கு? நெருப்பு எதற்கு மூட்டுவது என்று அப்பாவோடு வாடியில், வயல் குடிசையில், படுத்த பிள்ளைக்குத் தெரியாதா?

இது புத்தகத்தில் சொல்வதற்கு நேர்மாறாகப் படும். வாசிப்புப் பற்றிய பயிற்சிகளில் அடிக்கடி சொல்லப்படும் ஆய்வு ஒன்று உண்டு. 1988இல் டோனா ரெக்ட், லோரன் லெஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்குப் பேஸ்போல் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பந்தியைக் கொடுத்தார்கள். வாசித்ததை, ஒரு மாதிரி மைதானத்தில் மரப்பொம்மைகளை நகர்த்திக் காட்டவும் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கினாலும் பேஸ்போல் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் பேஸ்போல் தெரியாதவர்களை முந்திவிட்டார்கள். விஷயம் தெரிந்தால் வாசிப்புக் கைகொடுக்கும் என்பது அதன் சாரம். அந்தக் கணக்குப்படி வயல் பந்தியில் என் பிள்ளைகள் அள்ளிக் குவித்திருக்க வேண்டும்.

நானும் பொம்மை விளையாட்டைச் செய்து பார்த்தேன். மரப்பொம்மைக்கு எங்கே போவது? தரையில் வெண்கட்டியால் வயல் கீறி, நாலு குச்சியில் பரண் கட்டி, கந்தையாவுக்கு ஒரு போத்தல் மூடி, யானைக்கு ஒரு பெரிய கல். கூத்துப் பார்த்த பையனையே கூப்பிட்டுப் பந்தியை வாசித்து வாசித்து நடத்திக் காட்டச் சொன்னேன். போத்தல் மூடியைப் பரணிலிருந்து இறக்கினான். நெருப்பு மூட்டினான். “கை விறைக்கிது, காய்ச்சிறார்” என்று தானாகவே சொன்னான். யானைக் கல்லைத் தூரத்தில் வைத்தான். அடுத்த வரியை வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டான்.

“டீச்சர், இது பிழை.”

“என்ன மகன் பிழை?”

“ஆனச் சத்தம் கேட்டா நெருப்ப இன்னும் கூட்டுவாங்க. ஆரும் நூக்க மாட்டாங்க. நூத்தா நேர வட்டைக்குள்ள இறங்கிரும்.”

பின்வரிசையில் இருந்த பெண்பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. “வெடி கொளுத்தினாத்தான் ஆன போகும், நெருப்புக்கு இப்ப பயமில்ல, எங்கட மாமாட வாடிய நெருப்பு எரியக்குள்ளயே உடைச்சது” என்றாள். மறுகா என்ன, வகுப்பு முழுக்க ஆளுக்கொரு யானைக் கதை. மணி அடிக்கும் வரை பாடம் நடக்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. பந்தியை எழுதியவர் ஒரு இரவு கூடப் பரணில் படுத்ததில்லை என்பதை என் வகுப்பு கண்டுபிடித்துவிட்டது. இதைவிட ஆழமாக ஒரு பந்தியை வாசிக்க முடியுமா?

அமெரிக்க ஆய்வு சொன்னது சரிதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. விளங்கிக்கொள்வதில் இவர்கள் முன்னால்தான் நிற்கிறார்கள். விடை எழுதுவது மட்டும் வேறொரு பழக்கம். பரீட்சை கேட்பது, “இந்த ஆள் எழுதியிருப்பது என்ன?” என்பதை. பிள்ளை சொல்வது, “உண்மையில் நடப்பது என்ன?” என்பதை. இரண்டையும் பிரித்து வைக்கக் கற்றுக்கொடுத்தால் போதும், தெரிந்ததை மறக்கச் சொல்லத் தேவையில்லை. ரியூசனில் சிலர் “உன்ர மண்டையில இருக்கிறத எழுதாத” என்று அதட்டுவதைக் கேட்டிருக்கிறேன். மண்டையில் இருப்பதை வெளியே வைத்துவிட்டு வாசிக்கிற பிள்ளை கொஞ்ச நாளில் வாசிக்கவே வராது.

நான் செய்வது சின்ன வேலை. கரும்பலகையை நடுவே பிரித்து, ஒரு பக்கம் பந்தி சொல்வது, மறுபக்கம் எங்களுக்குத் தெரிந்தது. யானையை விரட்ட என்று சொன்னால் பிழை போடுவதில்லை, மறுபக்கத்தில் எழுதுகிறேன். அப்புறம் “இதுக்கு விரல் வை” என்பேன். விடை இருக்கும் வரியில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். யானையை விரட்ட என்பதற்கு விரல் வைக்கப் போனால் நெருப்பு வரும் வரியில் யானை இல்லை, யானை வரும் வரியில் நெருப்பு அணைகிறது. பிள்ளையே விரலைத் தூக்கிக்கொண்டு விறைத்த கைகளுக்குப் போய்விடும்.

இதிலிருந்து பிள்ளைகளே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு விரல் கேள்வி, இரண்டு விரல் கேள்வி. நெருப்பு மூட்டிய மாதம் எது என்பது ஒரு விரல். நெருப்பு மூட்டியது இரவா, பகலா என்பதற்கு இரவு என்ற சொல் பந்தியில் இல்லை, நிலவில் ஒரு விரலும் காவல் பரணில் ஒரு விரலும் வைத்தால்தான் சொல்லலாம். பொருத்தமான தலைப்பு எழுதச் சொன்னால் உள்ளங்கை முழுவதையும் பந்தியின் மேல் விரித்து வைக்கிறார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் என்ன இது, கைரேகை பார்க்கிறீர்களா என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

பரீட்சை மண்டபத்திலும் விரல் வைக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நேரம் போகும் என்று முதலில் பயந்தது பெற்றோர். ஆனால் விரல் வைத்த பிள்ளைக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. குளிர் என்பதைக் குழிர் என்றும், பரண் என்பதைப் பரன் என்றும் எழுதிப் புள்ளியை விடுவது இங்கே சாதாரணம். சரியான சொல் மேலே அச்சில் இருக்கிறது, பார்த்து எழுதினால் போதும். பார்ப்பதற்கு விரல் அங்கே இருக்க வேண்டும்.

அது, இது, அவர் வரும் வினாக்கள் தனிக்கதை. “அவர் அதை அணைத்துவிட்டு” என்று வந்தால் அதை என்பது எதை என்று கேட்பார்கள். பிள்ளைகள் கிட்ட இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள், யானையை அணைத்துவிட்டார் என்று எழுதிய கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்த இடத்தில் சொல்லைப் போட்டு வாசித்துப் பார் என்றால் அவர்களே சிரித்துத் திருத்திக்கொள்வார்கள். எனினும், ஆயினும் போன்றவை பேச்சில் இல்லாததால் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. அவை வரும்போது கதிரையில் இருந்தபடியே உடம்பை மறுபக்கம் திருப்ப வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். கதை அந்த இடத்தில் திரும்புகிறது என்று நூறு தரம் சொல்வதைவிட இது லேசு. கதிரைதான் பாவம்.

மௌனமாக வாசிக்கப் பழக்குவதுதான் எனக்கு இன்னும் பெரும்பாடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து கத்தி வாசித்தே பழகிய பிள்ளைகள். பரீட்சை மண்டபத்தில் சத்தம் போட ஏலாது, உதடு மட்டும் அசையும், எழுத்துக் கூட்டி வரி முடியும்போது வரியின் தொடக்கம் மறந்து போயிருக்கும். தமிழில் வினை கடைசியில்தானே வந்து நிற்கிறது, அதுவரை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதற்குக் குறுக்குவழி நான் கண்டதில்லை. இடைவேளை முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் ஆளுக்கொரு புத்தகம், வினா இல்லை, புள்ளி இல்லை. ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம் என்று பதாகை கட்டுவோம், பேச்சுப் போட்டி வைப்போம், கண்ணாடி அலுமாரியைத் திறந்து கண்காட்சி வைப்போம். மாதம் முடிந்ததும் அலுமாரிக்குப் பூட்டு. என் வகுப்புக்கு நான் ஒரு கடதாசிப் பெட்டி வைத்திருக்கிறேன். அதற்குப் பூட்டு இல்லை. புத்தகம் கிழிந்துதான் வருகிறது, வரட்டும்.

மாதிரி வினாத்தாள் புத்தகங்களின் மேல் எனக்குள்ள கோபம் வேறு விதமானது. பந்தி, ஐந்து வினா, பந்தி, ஐந்து வினா என்று பக்கம் பக்கமாகப் போகும், கடைசியில் விடை. ஒரு பிள்ளையிடம் கந்தையா என்றதும், மிச்சத்தைக் கேட்காமலே, குளிர் காய்வதற்கு, மார்கழி, பரண் என்று அடுக்கிவிட்டாள். பந்தியை வாசித்தாயா என்றேன். விடைப் பக்கத்தை வாசித்திருக்கிறாள். அதனால் இப்போது வினாவை நான் எழுதுவதில்லை. பந்தியைக் கொடுத்து வினாக்களை அவர்களையே எழுதச் சொல்கிறேன், பக்கத்தில் இருப்பவர் விடை சொல்ல வேண்டும், சொல்ல முடியாவிட்டால் எழுதியவர் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாத வினாக்களும் வரும். கந்தையாவின் பெண்சாதியின் பெயர் என்ன என்று ஒருவன் கேட்டிருந்தான். பந்தியில் இல்லை என்று அடுத்தவன் சொன்னதற்கு நான் முழுப்புள்ளி கொடுத்தேன்.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்பவர்களில் அரைவாசிப் பேர் அம்மம்மாக்கள். அம்மா குவைத்திலோ கட்டாரிலோ இருப்பார். “மகள், புள்ளைக்கு இன்னும் ரெண்டு பேப்பர் குடுங்களன்” என்பார்கள். பேப்பர் வேண்டாம், கடிதம் வேண்டும் என்று ஒரு அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். அவர் தினமும் மகளுக்குக் குரல்பதிவு அனுப்புகிறவர். பேசாமல் எழுதி அனுப்புங்கள் என்றேன். முதலில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது, அது உதவாது. அப்புறம் கடதாசியில் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினார். வேலை செய்யும் வீட்டில் பூனை குட்டி போட்டது, வெளியே மணல் காற்று, இப்படி நாலைந்து வரி. மகள் அதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அம்மம்மா கேள்வி கேட்பார். எழுத வாசிக்கத் தெரியாத அம்மம்மா கேட்கும் கேள்விகள் எந்த வினாத்தாளிலும் வராது.

ஒருநாள் அந்தப் பிள்ளை ஃபோனை வகுப்புக்குக் கொண்டுவந்தாள், கொண்டுவரக் கூடாது என்று தெரிந்தும். “டீச்சர், ரெண்டு விரல்” என்று படத்தைக் காட்டினாள். ஒரு விரல், நான் சுகமாக இருக்கிறேன் என்ற வரியில். மற்றது, இரண்டு நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை என்ற வரியில். “அம்மாக்குச் சுகமில்ல, எங்களுக்குச் சொல்லாம இரிக்கா” என்றாள். அன்றைக்கே அம்மாவோடு பேச வைத்தோம். காய்ச்சல்தான், மாறிவிட்டது. அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். இனிமேல் பொய் சொல்லுவதென்றால் குரல்பதிவுதான் அனுப்ப வேண்டும் என்று சிரித்தார்.

பரீட்சைக்குச் சில நாள் முன்பு பரீட்சைத் திணைக்களம் ரியூசன், கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றையும் தடை செய்துவிடும். பெற்றோருக்கு அந்த நாட்கள் தவிப்பு. ஒளித்துக் கொப்பி அடித்த பேப்பர்கள் வாவியின் இக்கரையும் அக்கரையும் ஓடித் திரிகின்றன என்று கேள்வி. எனக்கு அந்தத் தடை பிடிக்கும். பெட்டியில் மிச்சமிருக்கும் கதைப் புத்தகங்களைப் பிரித்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன், இரவு நேரத்தோடு படுக்க விடுங்கள் என்று அம்மம்மாக்களிடம் சொல்வேன்.

மண்டபத்தில் பந்தியை எப்போது செய்வது என்பதில் மட்டும் எனக்கும் பக்கத்து வகுப்பு சேருக்கும் ஒத்துவருவதில்லை. அவர் கடைசியில் செய்யச் சொல்வார், நேரத்தை விழுங்கிவிடும் என்று. கடைசியில் கை பதறும், பதறிய கை பந்திக்குத் திரும்பாமல் தெரிந்ததை எழுதிவிடும் என்று நான் தொடக்கத்திலேயே செய்யச் சொல்கிறேன். போன வருடம் இரண்டு வகுப்புக்கும் புள்ளி ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்தது, ஆகவே அதை வைத்தும் தீர்க்க முடியவில்லை. அவர் இதை வாசிக்கிறவர். நாளைக்குத் தேத்தண்ணி நேரத்தில் பதில் வரும்.